ஆலிஸ்தான் பேதை: சிறுவர் கதைகளால் ஆன டாரட் கட்டு, ஓர் அறிமுகம்

குறி சொல்லப் பலர் பயன்படுத்தும் படச் சீட்டுக்கட்டு டாரட். அதைக் கற்க வேண்டும் என்று ஆசையோடு கட்டைப் பிரிப்பவர்களைத் திகைக்க வைப்பது அதன் எண்ணிக்கைதான். மொத்தம் 78 சீட்டுகள். ஒவ்வொன்றும் நிமிர்ந்து வந்தால் ஒரு பொருள், தலைகீழாக வந்தால் வேறொரு பொருள். உடன் வரும் சிறு கையேட்டில் சீட்டுக்கு நாலைந்து சொற்கள் அச்சாகியிருக்கும்: தொடக்கம், துணிச்சல், அசட்டுத்தனம், இழப்பு, மனக்கசப்பு, பிரிவு. வாய்ப்பாடு ஒப்பிப்பதைப் போல இவற்றை மனப்பாடம் செய்யப் பார்த்தால், இருபதாவது சீட்டுக்கு வரும்போது முதல் சீட்டு மறந்திருக்கும். நான் தொடங்கியபோதும் இதே கதிதான்.

பழைய சிறுவர் கதைகளை வைத்து வரைந்த ஒரு கட்டு கைக்கு வந்த பிறகுதான் எனக்கு வழி திறந்தது. அந்தக் கட்டிலும் அதே 78 சீட்டுகள், அதே பெயர்கள், அதே எண்கள். படங்கள் மட்டும் வேறு. குன்றின் விளிம்பில் நிற்கும் இளைஞனுக்குப் பதில், லூயிஸ் கரோல் கதையில் முயல் வளைக்குள் விழுந்துகொண்டிருக்கும் சிறுமி ஆலிஸ். இடிவிழுந்த கோபுரத்துக்குப் பதில், ஓஸ் மந்திரவாதி கதையில் சூறாவளி தூக்கிச் சுழற்றும் சிறுமி டோரத்தியின் வீடு. ஆலிஸுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று நமக்கு ஏற்கெனவே தெரியும். அப்படித் தெரிந்திருப்பதே பாதிக் கல்வி.

சிறுவர் கதை என்பதால் இவை குழந்தைகளின் விளையாட்டுச் சீட்டுகள் என்று எண்ணிவிட வேண்டாம். சிறு வயதில் படித்ததைப் பெரியவர்களான பிறகு திரும்பப் பார்ப்பவர்களுக்காகச் செய்யப்படுபவை இவை.

கட்டின் அமைப்பு

78 சீட்டுகளில் 22 பெரிய சீட்டுகள். மேஜர் அர்க்கானா என்பார்கள். 0 முதல் 21 வரை எண்ணிட்ட இவற்றுக்குப் பேதை, வித்தைக்காரன், ரதம், மரணம், கோபுரம், சூரியன் என்று தனித்தனிப் பெயர்கள் உண்டு. வாழ்க்கையின் பெரிய திருப்பங்கள் எல்லாம் இங்கேதான். மீதி 56ம் மைனர் அர்க்கானா என்னும் சின்னச் சீட்டுகள். கோல், கோப்பை, வாள், காசு என நான்கு வகை, வகைக்கு 14. ஏஸ் முதல் 10 வரை பத்து, அப்புறம் பேஜ் (ஏவலாள்), நைட் (குதிரை வீரன்), ராணி, ராஜா. சாதாரணச் சீட்டுக்கட்டோடு ஒப்பிட்டால் வகைக்கு ஒரு சீட்டு கூடுதல், அவ்வளவே. செயலும் ஆர்வமும் கோலுக்கு உரியவை. உணர்ச்சியும் உறவும் கோப்பைக்கு. சிந்தனை, சொல், சண்டை மூன்றும் வாளுக்கு. பொருள், உடல், உழைப்பு எல்லாம் காசுக்கு.

டாரட் குறி சொல்லப் பிறந்தது அல்ல. 1440களில் வடக்கு இத்தாலியில் அது ஒரு சீட்டாட்டம். 0 எண்ணுள்ள பேதை நீங்கலாக மற்ற 21 பெரிய சீட்டுகளும் வேறு சீட்டுகளை வெட்டும் துருப்புச் சீட்டுகள். மிலான் பிரபுக் குடும்பங்களுக்காகக் கையால் வரைந்து பொன் பூசிய சீட்டுகளில் சில இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. 1781இல் கூர் த ஜெபலின் என்ற பிரெஞ்சு அறிஞர், இவை பழைய எகிப்தின் ஞானப் புத்தகம் என்று எழுதினார். ஆதாரம் ஒன்றும் இல்லாமலே அந்தக் கருத்து பரவிவிட்டது. சீட்டுகள் எதிர்காலத்தைச் சொல்லும் என்று நான் நம்பவில்லை. மனத்தில் ஓடுவதை எதிரே எடுத்து வைத்துப் பார்க்க அவை உதவும் என்பதில் மட்டும் எனக்கு உறுதி உண்டு.

நமக்கு வேண்டிய ஆண்டு 1909. அதற்கு முன் பெரும்பாலான கட்டுகளில் சின்னச் சீட்டுகளில் காட்சி ஏதும் கிடையாது. காசு 6 என்றால் ஆறு காசுகள், வாள் 8 என்றால் எட்டு வாள்கள், அவ்வளவுதான். ஆர்தர் எட்வர்ட் வெயிட் என்பவர் திட்டமிட்டு, ரைடர் என்ற பதிப்பகம் லண்டனில் வெளியிட்ட கட்டுக்கு ஓவியம் தீட்டிய பமீலா கோல்மன் ஸ்மித், சின்னச் சீட்டுகள் ஒவ்வொன்றிலும் ஒரு சம்பவத்தை வரைந்தார். ஆட்கள், முகபாவம், பின்னால் ஒரு வீடு, தூரத்தில் ஒரு ஆறு. இன்று விற்கும் கட்டுகளில் மிகப் பலவும் அவர் வகுத்த காட்சிகளின் வழி வந்தவையே.

ஸ்மித்தின் சிறு வயதில் ஒரு பகுதி ஜமைக்காவில் கழிந்தது. அங்கே கேட்ட அனான்சி என்ற தந்திரக்காரச் சிலந்தியின் கதைகளை 1899இல் தம் படங்களோடு புத்தகமாக வெளியிட்டார். லண்டன் வீடுகளில் கூடுவோருக்கு அவற்றைச் சொல்லியும் காட்டினார். டாரட்டுக்குக் காட்சி தந்தவர் ஒரு கதைசொல்லி. எனவே சீட்டுகளுக்குள் சிறுவர் கதை நுழைவதை வெளியிலிருந்து ஒட்டவைத்த அலங்காரமாக என்னால் பார்க்க முடியவில்லை. இவ்வளவும் செய்த அவருக்குக் கிடைத்த கூலி மிகச் சொற்பம் என்பது என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

முகம் பொருந்தினால் போதாது

இப்படிப்பட்ட கட்டை வடிவமைப்பவர் ஒவ்வொரு சீட்டிலும் ஒரு முடிவு எடுக்கிறார்: இந்தச் சீட்டுக்கு எந்தக் கதை, அந்தக் கதையில் எந்தக் கணம்? கட்டு நன்றாக அமைவதும் சொதப்புவதும் அங்கேதான்.

பேதைச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்மித்தின் படத்தில் ஓர் இளைஞன், தோளில் கோலில் தொங்கும் சிறு மூட்டை, காலடியில் துள்ளும் ஒரு குட்டி நாய். அடுத்த அடி வைத்தால் பாதாளம். அவனோ வானத்தைப் பார்த்தபடி நடக்கிறான். நாயோடு கிளம்பும் குழந்தை என்றதும் ஓஸ் கதையின் டோரத்தியும் அவளுடைய டோட்டோவும்தான் நினைவுக்கு வருவார்கள். படமும் அழகாக வரும். ஆனால் கதையில் என்ன நடக்கிறது? கட்டிலுக்கடியில் ஒளிந்த நாயைப் பிடித்துக்கொண்டு நிலவறைக்கு ஓடப் பார்க்கிறாள் டோரத்தி; பாதி அறை கடப்பதற்குள் சூறாவளி வீட்டையே பெயர்த்துக்கொண்டு போகிறது. அவள் கிளம்பவில்லை, தூக்கிச் செல்லப்பட்டாள். அது கோபுரச் சீட்டின் கதை. எச்சரிக்கை இல்லாமல் வந்து விழும் இடி.

ஆலிஸ் அப்படியல்ல. கோட்டுப் பையிலிருந்து கடிகாரம் எடுத்துப் பார்க்கும் முயலைக் கண்டதும் பின்னாலேயே ஓடி வளைக்குள் நுழைகிறாள். திரும்பி வருவது எப்படி என்ற நினைப்பே அவளுக்கு எழவில்லை. பேதை என்றால் இதுதான். தமிழில் இந்தச் சீட்டுக்குச் சிலர் ‘முட்டாள்’ என்று பெயர் வைக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. பேதை என்றால் அறியாதவள். பெண்ணின் ஏழு பருவங்களில் முதல் பருவமும் பேதைதான், ஐந்து முதல் ஏழு வயது. அடுத்த புத்தகத்தில் தனக்குச் சரியாக ஏழரை வயது என்கிறாள் ஆலிஸ். வளைக்குள் விழுந்தபோது அவள் அந்தப் பருவத்தின் விளிம்பில் இருந்திருக்க வேண்டும். 1865இல் வந்த ஓர் ஆங்கிலக் கதைக்கு இவ்வளவு கச்சிதமான சொல் நம்மிடம் இருப்பதை நினைத்து நான் பல நாள் மகிழ்ந்திருக்கிறேன்.

இன்னும் கடினமான சீட்டு 12, தலைகீழாகத் தொங்குபவன். ஒரு காலில் கட்டி மரத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். மறு கால் மடங்கியிருக்கிறது. முகத்திலோ அமைதி, தலையைச் சுற்றி ஒளிவட்டம். காத்திருத்தல், தானாக ஏற்ற அசைவின்மை, உலகைத் தலைகீழாகப் பார்த்தல் என்று பொருள் சொல்வார்கள். பழைய இத்தாலியில் இதற்குத் துரோகி என்ற பெயரும் இருந்தது. துரோகிகளையும் மோசடிக்காரர்களையும் தலைகீழாகத் தொங்குவது போலச் சுவரில் வரைந்து அவமானப்படுத்துவது அங்கே வழக்கம்.

இத்தாலிச் சீட்டு, தொங்கும் உருவம் என்றதும் பினோக்கியோவை எடுத்து மாட்டிவிடத் தோன்றும். காரணமும் இருக்கிறது. கார்லோ கொல்லோடி 1881இல் சிறுவர் இதழ் ஒன்றில் இதைத் தொடராக எழுதியபோது, மரப்பொம்மைப் பையனைக் கருவாலி மரத்தில் தூக்கிலிட்டுக் கதையை முடித்துவிட்டார். வாசகர்கள் விடவில்லை. மறுபடி தொடர்ந்து எழுதி 1883இல் புத்தகமாக வந்ததுதான் இன்று நாம் அறியும் கதை. செய்தி சுவையானது, சீட்டுக்கு மட்டும் ஒத்துவரவில்லை. கழுத்தில் சுருக்கோடு துடிக்கும் பினோக்கியோவிடம் அந்த அமைதி எங்கே?

டென்மார்க் கதாசிரியர் ஆண்டர்சனின் தகரச் சிப்பாயைப் பாருங்கள். 1838இல் வந்த கதை. ஒரு பழைய தகரக் கரண்டியை உருக்கி 25 சிப்பாய்களை வார்க்கிறார்கள்; கடைசிச் சிப்பாய்க்கு உலோகம் போதவில்லை, அவனுக்கு ஒரே கால். ஒருநாள் ஜன்னலிலிருந்து தெருவில் விழுகிறான். விழுந்த விதம் முக்கியம்: துப்பாக்கி முனைக் கத்தி இரண்டு கற்களுக்கிடையே குத்தி நிற்க, தலை கீழே, அந்த ஒற்றைக் கால் மேலே. வீட்டுப் பையனும் வேலைக்காரியும் தேடிக்கொண்டு பக்கத்திலேயே வருகிறார்கள். ‘இங்கே இருக்கிறேன்’ என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் எடுத்திருப்பார்கள். சீருடையில் இருப்பவன் கத்தக் கூடாது என்று எண்ணி வாய் திறக்காமல் இருந்துவிடுகிறான். ஒற்றைக் கால், தலைகீழ், தானாக ஏற்ற மௌனம். மூன்றும் இருக்கின்றன. அதற்கு மேலும் ஒரு கேள்வியை அவன் நம்மிடம் விட்டுப்போகிறான்: இந்தப் பொறுமை உயர்ந்த குணமா, வீண் பிடிவாதமா? இந்தச் சீட்டு வரும்போதெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் அதுவே. கையேட்டில் இருக்கும் ‘தியாகம்’ என்ற ஒற்றைச் சொல் எனக்கு இதைக் கற்றுத்தரவில்லை.

புதியவர்கள் பதறும் மரணச் சீட்டுக்கும் இதே ஆண்டர்சன் கைகொடுக்கிறார். உண்மையான சாவைக் குறிக்கும் சீட்டாக இதைப் பெரும்பாலோர் வாசிப்பதில்லை; பழைய உருவம் கழன்று புதியது வருவதே பொருள். அதனால் கதையில் யாரோ இறக்கும் காட்சியை வரைந்தால் தவறாகிவிடும். அசிங்கமான வாத்துக்குஞ்சின் கடைசிப் பக்கம் பொருத்தம். எல்லாரும் கொத்தித் துரத்திய அந்தக் குஞ்சு அன்னப்பறவைகளைப் பார்க்கிறது. இவ்வளவு அழகானவற்றின் கையால் செத்தால் போதும் என்று அருகே நீந்திப் போய், கொன்றுவிடுங்கள் என்று தலையைத் தாழ்த்துகிறது. தாழ்த்திய தலைக்கு நேர் கீழே தண்ணீரில் தெரிவது ஓர் அன்னம். சாவுக்குக் குனிந்த கணமும் தன்னைக் கண்டுகொண்ட கணமும் ஒன்றே. அந்தக் குனிந்த கழுத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மரணச் சீட்டைக் கண்டு பிறகு பயப்படமாட்டார்கள்.

சூரியன் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்மித் வரைந்தது வெள்ளைக் குதிரைமேல் ஒரு குழந்தை. பின்னால் ஒரு மதில், மதிலுக்கு மேலே சூரியகாந்திப் பூக்கள். மதில் சூழ்ந்த தோட்டத்திலிருந்து குழந்தை வெளியே வருகிறது. ஃபிரான்சிஸ் ஹாட்சன் பர்னெட்டின் இரகசியத் தோட்டம் 1911இல் புத்தகமானது. பத்து ஆண்டுகள் பூட்டிக் கிடந்த தோட்டம். பெரியவனாகும்வரை உயிரோடு இருக்கவே மாட்டோம் என்று நம்பிப் படுக்கையில் கிடந்த கோலின் என்ற சிறுவன். கடைசியில் தோட்டக் கதவைத் திறந்து ஓடி வந்து தன் அப்பாமீதே மோதுகிறான். இதைவிடப் பொருத்தமான காட்சி எனக்குத் தெரியவில்லை.

ஒரு ராணியால் வரும் தகராறு

சின்னச் சீட்டுகளில் நல்ல கட்டுகள் பெரும்பாலும் ஒரு வகைக்கு ஒரு புத்தகம் அல்லது ஓர் உணர்வுலகம் என்று ஒதுக்கிக்கொள்ளும். காசுக்கு இரகசியத் தோட்டம் என்றால் ஏஸ் தானாக அமைந்துவிடும். என்ன வேண்டும், பொம்மையா என்று கேட்கும் மாமாவிடம் கதையின் நாயகியான சிறுமி மேரி கேட்பது கொஞ்சம் மண். ஸ்மித்தின் காசு ஏஸிலும் மேகத்திலிருந்து நீளும் ஒரு கை, கையில் ஒரு காசு, கீழே தோட்டமும் செடிகளால் வளைந்த ஒரு வாசலும் இருக்கும்.

வாளை ஆலிஸின் உலகத்துக்குக் கொடுக்கலாம். அங்கே எல்லாரும் சொல்லாலேயே ஒருவரை ஒருவர் குத்திக்கொள்கிறார்கள். அப்படிக் கொடுத்ததும் ஒரு சிக்கல் தலைதூக்கும். அந்தக் கதையிலேயே சீட்டுகள் ஆட்களாக நடமாடுகின்றன. வெள்ளை ரோஜாவுக்குச் சிவப்புச் சாயம் பூசும் தோட்டக்காரர்கள் ஸ்பேட், சிப்பாய்கள் கிளாவர், அரசவைக்காரர்கள் டைமண்ட், அரச குடும்பம் ஹார்ட்டின். சாதாரணக் கட்டின் ஹார்ட்டினுக்கு டாரட்டில் கோப்பையை இணையாகச் சொல்வது வழக்கம். எடுத்ததற்கெல்லாம் தலையை வெட்டச் சொல்லும் ஹார்ட்டின் ராணி அப்படியானால் கோப்பை ராணியா? கோப்பை ராணியோ கடலோரத்தில் உட்கார்ந்து தன் கோப்பையையே கனிவோடு பார்ப்பவள்.

சில வடிவமைப்பாளர்கள் சின்னத்துக்கு மதிப்புக் கொடுத்து அவளைக் கோப்பையில் வைக்கிறார்கள். சிலர் குணத்தைப் பார்த்து வாளுக்கு அனுப்புகிறார்கள். நான் இரண்டாவது கட்சி. இருந்தாலும் முதல் தரப்பை ஒதுக்கிவிட முடியாது: உணர்ச்சியைத் தவிர வேறு எதுவுமே இல்லாதவள் கையில் அதிகாரம் கிடைத்தால் இப்படித்தான் ஆகும் என்று, தலைகீழாக விழுந்த கோப்பை ராணியாக அவளை வாசிக்கலாம். உங்கள் கட்டில் அவள் எங்கே இருக்கிறாள் என்று முதலில் தேடிப் பாருங்கள். அந்தக் கட்டைச் செய்தவரின் மனம் பிடிபட்டுவிடும்.

கட்டு வாங்கும்போது

எந்தக் கணத்தை வரைந்திருக்கிறார்கள் என்று கையேடு சொல்கிறதா என்று பாருங்கள். ‘பீட்டர் பேன், துள்ளல்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது அழகான படத் தொகுப்பு, டாரட்டாகப் பயன்படுவது கஷ்டம். அடுத்து, புத்தகமா சினிமாவா என்று கவனியுங்கள். 1900இல் வந்த புத்தகத்தில் டோரத்தியின் காலணி வெள்ளி. அதைச் சிவப்பாக்கியது 1939 திரைப்படம். பினோக்கியோவை விழுங்குவது புத்தகத்தில் ஒரு பயங்கரச் சுறா, திமிங்கிலம் அல்ல. வெள்ளிக் காலணியை வரைந்தவர் புத்தகத்தைத் திறந்து பார்த்திருக்கிறார் என்று நம்பலாம். இத்தகைய கட்டுகள் பழைய கதைகளையே நாடுவதற்குச் சட்டமும் ஒரு காரணம்: காப்புரிமைக் காலம் முடிந்தவற்றை யாரும் தடையின்றி வரையலாம், திரைப்படம் சேர்த்த புதுமைகளை அப்படி எடுத்தாள முடியாது.

ஒரு சீட்டு, ஒரு கேள்வி

தொடக்கத்தில் பல சீட்டுகளைப் பரப்பி வைத்து வாசிக்கும் பெரிய விரிப்புகள் வேண்டாம். கலைத்து, ஒரு சீட்டை எடுத்து, கையேட்டைத் தொடாமல் ஐந்து நிமிடம் பாருங்கள். இந்தக் காட்சிக்கு முன்பு கதையில் என்ன நடந்தது, பின்பு என்ன நடக்கப்போகிறது, படத்தில் இருப்பவர்களில் இன்று நான் யார்? இந்த மூன்றையும் கேட்டுவிட்டுப் பிறகு கையேட்டைத் திறக்கலாம். கதை தெரியாவிட்டால் அந்த அத்தியாயத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

அண்மையில் ஒரு தோழிக்காகச் சீட்டு எடுத்தோம். வீட்டிலும் வேலையிலும் எல்லாருக்கும் தானே கொடுத்துக்கொண்டிருப்பதாகவும், களைத்துவிட்டதாகவும் சொன்னாள். வந்தது காசு 6. ஸ்மித்தின் படத்தில் தராசு பிடித்த ஒரு செல்வந்தர் மண்டியிட்ட இரண்டு பேருக்குக் காசு கொடுப்பார். எங்கள் கட்டில் இருந்தது பர்னெட்டின் இன்னொரு கதை, 1905இல் வந்த குட்டி இளவரசியின் லண்டன் தெரு. தந்தையை இழந்து, படித்த பள்ளியிலேயே வேலைக்காரியாகிவிட்ட சாராவுக்குச் சேற்றில் ஒரு நாலு பென்னி நாணயம் கிடைக்கிறது. ரொட்டிக்கடைக்காரி நாலுக்குப் பதில் ஆறு சூடான பன் வைத்துக் கொடுக்கிறாள். வாசற்படியில் அவளைவிடப் பசித்த ஒரு பிச்சைக்காரச் சிறுமி. சாரா ஒவ்வொன்றாக எடுத்து அவள் மடியில் வைக்கிறாள். நான்காவதை வைக்கும்போது கை நடுங்குகிறது. நான் பட்டினியால் சாகவில்லையே என்று சொல்லிக்கொண்டு ஐந்தாவதையும் வைக்கிறாள்.

படத்தில் சாராவின் கையில் மிஞ்சியிருக்கும் அந்த ஒரு பன்னைத் தோழி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ இதில் யார் என்று கேட்டேன். சாராதான் என்பாள் என்று நினைத்திருந்தேன். அவள் விரல் போய் நின்றது ஓரத்தில், கடை ஜன்னலுக்குப் பின்னால் நிற்கும் கடைக்காரிமீது. நடந்ததை எல்லாம் பார்த்துவிட்டு, அந்தப் பிச்சைக்காரச் சிறுமியை உள்ளே அழைத்து, பிறகு தன்னோடே வைத்துக்கொண்டவள் அவள். “இவளுக்குக் கொடுக்கவும் தெரிஞ்சுது, கடையை நடத்தவும் தெரிஞ்சுது, இல்ல?” என்றாள்.